பிள்ளை பெற்றால் அப்படித்தானா?

ஒரு பெண் கர்ப்பமானதும் நம் ஊரில் கணக்கு ஆரம்பமாகிவிடும். எந்த மாதம் ஸ்கேன், எந்த மாதம் வளைகாப்பு, எடை எத்தனை கிலோ ஏறியிருக்கிறது, ரத்தம் எத்தனை பாயிண்ட், பிரசவத்துக்கு அரசு ஆஸ்பத்திரியா தனியாரா, தனியார் என்றால் எவ்வளவு ஆகும்... வீட்டில் ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். குழந்தை பிறந்த பிறகும் கணக்கு நிற்பதில்லை. குழந்தையின் பேருக்கு மாறிவிடும், அவ்வளவுதான். குழந்தையின் எடை, குழந்தையின் தடுப்பூசி, குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று. பெற்றவளுக்கு மிஞ்சுவது பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், வயிற்றைச் சுற்றி ஒரு துணிக்கட்டு. "பச்சை உடம்பு, ஜாக்கிரதை" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த உடம்பில் எந்த இடம் எப்படிப் பழுதுபட்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பழுதுபட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் பெரும்பாலும் சின்னதாகத்தான் ஆரம்பிக்கும். தும்மினால் இரண்டு சொட்டு சிறுநீர் கசியும். பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கினால், தண்ணீர்க்குடத்தைத் தூக்கினால், வாய்விட்டுச் சிரித்தால் கசியும். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி எங்கே என்பதற்கு முன்னால் கழிப்பறை எங்கே என்று கண் தேடும். அடர்ந்த நிறத்தில்தான் சேலை எடுப்பது, வெளியே கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது என்று ஒரு வாழ்க்கைமுறையே உருவாகிவிடும். கணவனுக்குத் தெரியாது. அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னால், "பிள்ளை பெத்தா அப்படித்தான், எனக்கும் இருக்கு" என்று பதில் வரும். அந்தப் பதிலில் அன்பும் இருக்கிறது, கைவிடலும் இருக்கிறது. அம்மா முப்பது வருஷமாகச் சுமப்பதை மகளும் சுமக்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு சுமார் மூன்றில் ஒரு பெண்ணுக்குச் சிறுநீர்க் கசிவு இருக்கிறது என்றும், பத்தில் ஒருவர் வரைக்கும் மலக்கசிவு இருக்கலாம் என்றும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. உங்கள் தெருவில் கைக்குழந்தையோடு ஒன்பது பேர் இருந்தால் அதில் மூன்று பேர். பிரச்சினை பரவலாக இருக்கிறது என்பதாலேயே அது இயல்பு என்று ஆகிவிடாது. பல் சொத்தையும் பரவலாகத்தான் இருக்கிறது. அதற்காகப் பல் முளைத்தால் அப்படித்தான் என்று யாரும் விட்டுவிடுவதில்லையே!

சரி, எது பழுதாகிறது? இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னால் இருக்கும் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியது போல ஒரு தசைப்படலம் இருக்கிறது. இடுப்புத்தளத் தசைகள் என்கிறார்கள். பெல்விக் ஃப்ளோர் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இந்தத் தூளியின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இருமும்போதும் கனம் தூக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கீழ்நோக்கி வரும். அந்த நேரத்தில் இந்தத் தசை தானாக இறுகி வழியை அடைக்க வேண்டும். பத்து மாதம் சுமையைத் தாங்கித் தாங்கி இது தளர்கிறது. சுகப்பிரசவத்தில் குழந்தை வெளியே வரும்போது இதன் உட்பக்கத் தசை தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடுகிறது என்று 2004-ல் அமெரிக்காவில் கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டார்கள். கை காலில் உள்ள தசை இதில் பாதி இழுபட்டாலே கட்டுப்போட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள்.

சிசேரியன் செய்துகொண்டால் தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அப்படிப் பார்த்தால் பாதிப் பெண்கள் தப்பித்திருக்க வேண்டும். சிசேரியனில் கசிவுக்கான வாய்ப்பு குறைவது உண்மைதான். ஆனால் பாரத்தைச் சுமந்த மாதங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதோடு வயிற்றில் போட்ட வெட்டும் சேர்ந்துகொள்கிறது. "எனக்குத்தான் ஆபரேஷன் ஆச்சே, அப்புறம் ஏன் இப்படி?" என்று குழம்புகிற பெண்ணுக்கு, கர்ப்பமே ஒரு காரணம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

தசை என்றால் பயிற்சி கொடுத்துப் பலப்படுத்த முடியும். இந்தச் சாதாரண உண்மையை மருத்துவ உலகம் கவனிக்கவே கொஞ்சம் நாளானது. 1948-ல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் இந்தத் தசைகளுக்கான பயிற்சி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதனால்தான் இன்றைக்கும் கெகல் பயிற்சி என்று பெயர். பயிற்சிக்கு அவர் பெயர் நிலைத்தது, அவர் கூடவே வைத்திருந்த கருவி மறந்துபோய்விட்டது என்பதுதான் வேடிக்கை. பெண் தசையை இறுக்கும்போது எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று முள் காட்டும் ஒரு சின்ன அளவுகருவி அது. சும்மா "இறுக்குங்கள்" என்று சொன்னால் போதாது, சரியாகச் செய்கிறோமா என்று அந்தப் பெண்ணே கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

அவர் நினைத்தது சரி என்று பின்னால் தெரிந்தது. 1991-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்து, பிறகு சோதித்துப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்தான். கால்வாசிப் பேர் செய்ததோ கசிவை அதிகப்படுத்தக்கூடிய விதத்தில் இருந்தது! உள்ளே மேல்நோக்கி இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்கியிருக்கிறார்கள். பிரசவ வார்டில் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணித்து "வீட்டுக்குப் போய் எக்சர்சைஸ் பண்ணும்மா" என்று அனுப்புவதும், வீடியோவைப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள் என்பதும் ஏன் போதாது என்பதற்கு இந்த ஒரு ஆய்வே போதும். பிசியோதெரபிஸ்ட் என்று ஒருவர் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

அவர் என்ன செய்வார்? முதலில் தசையைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தருவார். நாலு பேர் நடுவில் வாயு பிரிய வரும்போது அடக்குவது போல இறுக்க வேண்டும். தொடையோ பிட்டமோ இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. சில நொடி பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர விட வேண்டும். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு கசிவு உள்ள பெண்களுக்குச் சொல்லும் அளவு, ஒரு தடவைக்குக் குறைந்தது 8 முறை, நாளைக்கு 3 தடவை. அதுவும் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் குறைந்தது 3 மாதம். இருமலோ தும்மலோ வரப்போகிறது என்று தெரிந்த நொடியில் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளும் ஒரு உத்தியும் உண்டு. லேசான கசிவு இருந்த வயதான பெண்களிடம் ஒரே வாரப் பயிற்சியில் இதற்குப் பலன் கிடைத்ததாக 1998-ல் ஒரு ஆய்வு வந்தது. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதை மட்டும் பயிற்சியாகச் செய்யக் கூடாது. இன்னொன்று, எல்லோருக்கும் இறுக்குவதே மருந்தும் அல்ல. சிலருக்குத் தசை ஏற்கெனவே இறுகிப்போய் வலி இருக்கும். அவர்களுக்குத் தளர விடத்தான் கற்றுத்தர வேண்டும். இதையெல்லாம் துண்டுப் பிரசுரம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

இந்த விஷயத்தில் எல்லோரும் உதாரணம் காட்டும் நாடு பிரான்ஸ். அங்கே 1985 முதல் பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்புத்தளப் பயிற்சிக்கு அரசின் சமூகக் காப்பீடே பணம் கொடுக்கிறது. பிரசவமாகி ஆறு எட்டு வாரம் கழித்து டாக்டர் அல்லது மருத்துவச்சி எழுதிக்கொடுப்பார். வழக்கமாக 10 அமர்வுகள். பிசியோதெரபிஸ்டிடமோ பயிற்சி பெற்ற மருத்துவச்சியிடமோ போய்ச் செய்துகொள்ளலாம். நம் ஊரில் பெண்கள் அம்மாவிடம் சொல்லவே கூசும் ஒரு விஷயம், அங்கே பல் டாக்டரிடம் போவது போல ஒரு சாதாரண அப்பாயின்ட்மென்ட்.

ஆனால் பிரான்ஸை அப்படியே காப்பி அடித்தால் போதும் என்று சொல்லிவிட முடியாது. பிரான்ஸின் மகப்பேறு மருத்துவர்கள் சங்கமே 2015-ல் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. பிரசவமாகி மூன்று மாதமாகியும் கசிவு நிற்காத பெண்களுக்குப் பயிற்சி கட்டாயம் வேண்டும், ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கு, பின்னால் வராமல் தடுப்பதற்காக என்று எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கத் தேவையில்லை என்றார்கள். காக்ரேன் அறிக்கையும் கிட்டத்தட்ட இதே திசையில்தான் போகிறது. 2020-ல் அவர்கள் தொகுத்த 46 ஆய்வுகளில் 21 நாடுகளைச் சேர்ந்த 10,832 பெண்கள் இருந்தார்கள். கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே, இன்னும் கசிவு வராதபோதே பயிற்சி செய்த பெண்களுக்கு, நிறைமாதத்தில் கசிவு வரும் வாய்ப்பு 62 சதவீதம் குறைந்தது. பிரசவமாகி மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வரும் வாய்ப்பு 29 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே கசிவு வந்த பிறகு ஆரம்பித்தவர்களிடம் பலன் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் செய்ய வேண்டியது விளங்கும். கர்ப்ப காலத்தில் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு எல்லோரையும் கேட்க வேண்டும், தொந்தரவு இருப்பவர்களுக்கு மேற்பார்வையோடு பயிற்சி தர வேண்டும். வருமுன் காப்போம் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிற ஊருக்கு இது புதிய தத்துவமும் அல்ல.

அப்படியானால் ஏன் நடப்பதில்லை? கூச்சம் ஒரு காரணம். அது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் பில்லில் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளில் டெலிவரி பேக்கேஜ் என்று ஒரு தாள் நீட்டுவார்கள். அறை வாடகை, டாக்டர் ஃபீஸ், மயக்க மருந்து, குழந்தை டாக்டர், சில இடங்களில் போட்டோ எடுப்பதும் கேக் வெட்டுவதும்கூட அதில் இருக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய பிசியோதெரபி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரிய நகரங்களின் சில ஆஸ்பத்திரிகளில் இருக்கலாம், அதுவும் தனிக் கட்டணமாக. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கணக்கு இன்னும் விசித்திரம். படுக்கையில் சேர்ந்தால்தான் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வரும். நடந்துபோய் அரைமணி நேரம் பயிற்சி செய்துவிட்டு வீடு திரும்பினால் அது வெளிநோயாளி செலவு, பாலிசியில் வராது. அதே பெண் பதினைந்து வருஷம் கழித்துக் கர்ப்பப்பை இறங்கி அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தால் தனியார் காப்பீடும் பணம் தரும், அரசுக் காப்பீடும் பணம் தரும். சில அமர்வுகளுக்கு இல்லாத காசு ஆபரேஷனுக்கு எங்கிருந்து வருகிறது? தேய்மானத்துக்குப் பராமரிப்புச் செலவு செய்ய மாட்டேன், மெஷின் உடைந்த பிறகு புது மெஷினே வாங்குகிறேன் என்று சொல்லும் முதலாளியைப் போல இருக்கிறது இது.

அறுவைச் சிகிச்சை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. மேலைநாடுகளில் கசிவுக்கும் இறக்கத்துக்கும் பெண்ணுறுப்பு வழியாகச் செயற்கை வலையை வைத்துத் தைக்கும் முறை பல வருஷம் பிரபலமாக இருந்தது. வலை உள்ளே அரித்து, தீராத வலியோடு நடக்க முடியாமல் போன பெண்கள் ஒன்று சேர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2018 ஜூலையில் இங்கிலாந்து அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., இறக்கத்துக்காக அப்படிப் பொருத்தும் வலைகளை விற்கக் கூடாது என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. 2020-ல் வந்த ஜூலியா கம்பர்லெஜ் குழுவின் அறிக்கை, அந்தப் பெண்கள் சொன்னதை டாக்டர்கள் வருஷக்கணக்கில் காதில் வாங்கவில்லை என்று பதிவு செய்திருக்கிறது. கசிவுக்கு முதலில் மூன்று மாதப் பயிற்சி என்று நைஸ் வலியுறுத்துவதை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

"ஏற்கெனவே தூக்கமில்லாமல் கிடக்கிறாள், இதில் எக்சர்சைஸ் வேறா?" என்று ஒரு எதிர்ப்பு வரும். நியாயமான கேள்விதான். பிள்ளை பெற்றவள் தலையில் இன்னொரு கடமையைக் கட்டுவது சரியல்ல. அதுவும் பிரசவமாகி ஆறே மாதத்தில் பழைய இடுப்பளவுக்குத் திரும்பிய நடிகையின் போட்டோவைக் காட்டி மிரட்டும் காலத்தில். ஆனால் இது அழகுக்கான பயிற்சி அல்ல. பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம், வியர்க்கக்கூட வியர்க்காது. அவள் அந்தச் சில நிமிஷம் செய்யும்போது குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும், கிளினிக்குக்குப் போகும் நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். கடமை யாருக்காவது கூடுவதென்றால் அது கணவனுக்குக் கூடட்டும். வயிற்றுக்குத் துணி கட்டுகிறோமே, அது போதாதா என்று பாட்டிமார் கேட்பார்கள். இடுப்புக்கு இதமாக இருந்தால் லேசாகக் கட்டிக்கொள்ளலாம். இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும். தளர்ந்திருக்கும் தூளியின் மேல் இன்னும் கொஞ்சம் பாரம் ஏற்றியது போல ஆகும்.

பணத்துக்கும் ஆளுக்கும் எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக ஒரு துறையே தொடங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலேயே பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தரும் ஏற்பாடு வந்துவிட்டது. பக்கவாதம் வந்த பெரியவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவருக்கு, அடுத்த வீட்டில் இருக்கும் பச்சை உடம்புக்காரிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தனிப் பயிற்சி கொடுத்தால் போதும். பெண் பிசியோதெரபிஸ்டாக இருப்பது முக்கியம். பிசியோதெரபி படித்துவிட்டு வெளியே வருபவர்களில் பெண்களுக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை. பிரசவத்துக்கு என்று 18,000 ரூபாய் கொடுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித் திட்டத்தோடு பார்த்தால், நாலைந்து அமர்வுகளுக்கு ஆகும் செலவு கண்ணுக்கே தெரியாது. தனியார் ஆஸ்பத்திரிகளைப் பொறுத்தவரை, பேக்கேஜில் இந்த வரியும் இருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்கும் குடும்பங்கள் கூடினாலே போதும். போட்டோவும் கேக்கும் அப்படித்தானே உள்ளே வந்தன!

பிறந்த குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர்களுக்கு 3, 7, 14, 21, 28, 42 என்று நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது தேசியத் திட்டம். குழந்தையின் எடை, சூடு, தொப்புள் எல்லாம் பார்ப்பார்கள். 42-ம் நாளில் தாயிடமும் "இருமினால் கசிகிறதா?" என்று ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் மாமியாரும் நாத்தனாரும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும்.

அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. தடுப்பூசி. 6, 10, 14-ம் வாரங்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா எப்படியும் வருவாள், அல்லது அவள் அம்மாவோடு வருவாள். பிரசவப் பரிசோதனைக்கு வராதவள்கூடக் குழந்தையின் ஊசிக்கு வந்துவிடுவாள். 14-ம் வாரம் என்பது மூன்று மாதம் தாண்டிய கணக்கு. கசிவு தானாக நின்றிருந்தால் அதற்குள் நின்றிருக்கும், நிற்காதவர்களுக்கு அதற்கு மேல் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஊசி போட்ட பிறகு குழந்தைக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். அந்த அரைமணி நேரம் அழுகிற குழந்தையை அம்மாச்சி கையில் கொடுத்துவிட்டு, அவளை மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒரு செவிலியர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம்.